தாவும் சுருதி

கழுத்தில் ஆபரேஷன் முடிந்தபோது என் மனைவிக்குக் குரல் போய்விட்டது. பிறகு வெறும் காற்றும் கரகரப்புமாகக் கொஞ்சம் திரும்பியது. மாதா கோயிலில் ஞாயிறுதோறும் பாடிக்கொண்டிருந்தவள். ஆஸ்பத்திரியில், குரலை ஒரே சுருதியில் மெதுவாக இழுத்துப் பழகி, தொண்டை ஒத்துழைத்தால் மட்டும் துளித்துளியாக ஏற்றச் சொல்லியிருந்தார்கள். கடையில் வாங்கிய சுருதிப் பெட்டி பெரிய பெரிய படிகளாகத்தான் ஏறியது. அதனால் நானே ஒன்று செய்தேன். செராமிக் கம்பெனியில் சூளையின் கன்ட்ரோல் பேனலைப் பார்த்துக்கொள்கிறவன் நான். சர்க்யூட் போர்டும் சால்டரிங்கும் எனக்குப் புதிதில்லை.

சுருதியை மாற்ற ஒரு குமிழ் வைத்தேன். என்கோடர் என்பார்கள். நிற்காமல் சுற்றும், ஒவ்வொரு 'டிக்'குக்கும் சுருதி ஒரு துளி மாற வேண்டும். அதுதான் எங்களைப் படுத்தி எடுத்தது. ஒரு டிக் திருப்பினால் நாலைந்து படி தாவும். ஏற்றினால் இறங்கும். பாடுகிற தொண்டையும் தானாக அதன் பின்னால் ஓடும். ஒரு காலையில் அப்படித் தாவியபோது அவள் கழுத்தைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"போதுங்க. இனிமே வேணாம்."

பெட்டியை மட்டும் சொல்லவில்லை என்று புரிந்தது. அதற்கப்புறம் அவள் தேவைக்குக்கூடப் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டினாள்.

எங்கள் வீட்டில் கம்பெனியிலிருந்து வரும் களிமண் தூசி மாவு போல எல்லாவற்றிலும் படியும். அதுதான் காரணம் என்று ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்தேன். குமிழின் சிக்னலில் நடுக்கத்தை அடக்க இரண்டு கெப்பாசிட்டர் சேர்த்தேன். பெட்டியை இயக்கும் புரோகிராமைத் திருத்தினேன். கடைசியில் குமிழையே மாற்றினேன். எதற்கும் மசியவில்லை. வேலையில் சூளையின் சூட்டைக் கொஞ்சமும் பிசகாமல் நிறுத்துகிறேன். வீட்டில் ஒரு குமிழ் என்னை மிரட்டியது. நான் செய்த பொருளாலேயே அவள் மிச்சக் குரலும் போய்விடுமோ என்று பயந்தேன். ஒருநாள் மாலை, பிரித்துக் குப்பையில் போட்டுவிடலாம் என்று பெட்டியைத் தூக்கினேன்.

டீ கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள்.

"கையில இருந்தா சும்மாதான இருக்குது," என்றாள் காற்றுக் குரலில். "மேசையில வெச்சாத்தான் ஆடுது. நீங்க பாக்கலையா?"

நான் பார்க்கவில்லை. மேசையில் வைத்துக் குமிழைத் திருப்பினேன், சுருதி ஆடியது. கையில் தூக்கித் திருப்பினேன், அடங்கியது. கீழ்மூடியைக் கழற்றினால், குமிழிலிருந்து வரும் கிரவுண்டு வயர் போர்டில் சேரும் இடத்தில் சால்டரைச் சுற்றி மெல்லிய விரிசல். பெட்டியைக் கீழே வைக்கும்போது மூடி போர்டை அழுத்த, வயர் விட்டுவிட்டுத் தொட்டிருக்கிறது. குமிழை மாற்றியபோதும் அந்த முனையை நான் தொடவேயில்லை. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகச் சால்டர் வைத்தேன். மேசையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவைகூடத் தாவவில்லை.

"பாடிப் பாக்குறியாம்மா?"

தலையாட்டி மறுத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது சுருதி வெளியே கேட்டது. அதன்மேல் முனகல் போல அவள் குரல். ஓரிடத்தில் உடைந்தது. சுருதி ஒரு துளி இறங்கியது. அவள் மறுபடி ஆரம்பித்தாள். பழைய குரல் இல்லை. அது வரும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவும் இல்லை.

நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டாள்.

"ஒண்ணு இறக்கினா ஒண்ணுதாங்க இறங்குது," என்றாள்.