யோகலிங்கத்தின் வெறும் பலூன்

யோகலிங்கத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அவருடைய சித்திரக்கதைகளைப் பன்னிரண்டு வருடமாகப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தவள் நான். வாசித்தவள் என்று சொல்லமாட்டேன். வேலைக்கு வருகிற தாளையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தால் கடை நடத்த முடியுமா?

கடை திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். அவர் இருப்பது அன்புவழிபுரத்தில். அறுபது தாண்டிய மனிதர். நிலாவெளி, குச்சவெளி என்று பஸ் ஏறிப் போய், மீன்பிடிப் போட்டுகளுக்கு, படகுகளுக்குத்தான், பெயரும் இலக்கமும் எழுதுவது தொழில். மிச்ச நேரமெல்லாம் ‘ஒற்றைத் துடுப்பு’ கீறுவது. துறைமுகத்திலிருந்து ஒரு துடுப்போடு காற்றில் அள்ளுப்பட்டுப் போனவன், தீவு தீவாகச் சுற்றி வீடு தேடுகிற கதை. வருடத்துக்கு மூன்று புத்தகம், அறுபது அறுபது பிரதி. பேப்பர்க் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும், எப்படியோ தீர்ந்துவிடும்.

படம் கீறுகிறவர்கள் கொஞ்சம் கிறுக்கு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் கொஞ்சத்தோடு நிற்கவில்லை. மெசின் கண்ணாடியை மூன்று தரம் துடைக்கச் சொல்வார். கறுப்பு போதாது என்று நல்ல தாளை வெளியே எறிவார். எங்கள் ஊரில் மாடு மாதிரித் தெருவில் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் நின்று அதைத் தின்றுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

ஒருநாள் நான் ஏதோ சொல்ல, பொக்கற்றிலிருந்து பழைய பஸ் ரிக்கற்றை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுதினார்.

“என்ன ஐயா எழுதுறீங்கள்?”

“நீங்கள் இப்ப சொன்னதை. ‘கண்ணாடியில கை வையாதேங்கோ’ எண்டு. பலூனுக்கு வேணும்.”

பலூன் என்றால், படத்தில் ஆட்களின் வாய்க்கு மேலே பேச்சு எழுதுகிற வட்டம். அதற்குள் யாராவது அவர் முகத்தைப் பார்த்து, அவருக்கென்று சொன்ன சொல்லைத்தான் எழுதுவாராம். பஸ்ஸில் ஒட்டுக்கேட்டது கூடாது. சொந்தமாகப் புனைந்தது கூடவே கூடாது.

“முதல் புத்தகத்தில நானே எழுதினனான் தங்கச்சி. பிறகு வாசிச்சுப் பாத்தா ராசாவும் நான்தான், சுறாவும் நான்தான். ஒரு ஆள் தனிய இருந்து கதைக்கிற மாதிரிக் கிடந்துது.”

இதற்குப் பெயர் விசர் என்று நினைத்தேன், வாயால் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ரிக்கற்றில் ஏறிவிடும்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி இரத்தினேஸ்வரி ஐந்து வருடத்துக்கு முதல் சலரோகத்தில் இறந்துபோனார். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. கடையை விட்டுவிட்டுப் போக ஏலாது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை புதுப் புத்தகத்தோடு வந்தார். “துடுப்புக்காரன் கரைக்கு வந்திட்டான். இதோட கதை முடியுது” என்றார். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு படம். துடுப்புக்காரன் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறான். உள்ளே மேசையில் மூடி வைத்த கோப்பை, பக்கத்தில் ஆள் உட்கார இழுத்துப் போட்ட கதிரை. கதவடியில் ஒரு பெண் வாய் திறந்து ஏதோ சொல்கிறாள். அவளுடைய பலூனில் ஒரு எழுத்தும் இல்லை.

“இதில எழுத்தில்லையே ஐயா.”

“இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. ஆராவது சொல்லுவினம். அது வரைக்கும் இது இஞ்ச கிடக்கட்டும்.”

கிடந்தது, ஏழு மாதம். அந்தப் படத்தைப் பார்த்தால் அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அதை அவருக்குச் சொல்லத்தான் ஆளில்லை. போட்டுக்காரர்கள் அவருக்குக் கடற்கரையிலேயே தேத்தண்ணி கொடுத்துக் கடற்கரையிலேயே அனுப்பிவிடுவார்கள். வெள்ளிக்கு வெள்ளி வந்து, “இன்னும் கிடைக்கேல்லை” என்று சொல்லிவிட்டுப் போவார். என் அலுமாரித் தட்டில் இடத்தை அடைக்கிறதே என்றுதான் எனக்குக் கவலை.

பிறகு ஒரு மழைப் பகலில் கரண்ட் போனது. மெசின் ஓடாது, ஆளும் வராது. ஒவ்வொரு புத்தகத்திலும் பிழையாக விழுந்த ஒரு பிரதி பெட்டியில் கிடந்தது. முதல் தடவையாக எடுத்து வரிசையாக வாசித்தேன்.

முதலாவதை விட்டால், ஆரம்பப் புத்தகங்களில் ஒரே சளசளப்பு. “பேசாமச் சாப்பிடுங்கோ, உப்பெல்லாம் அளவாத்தான் கிடக்கு” என்று கடற்கன்னி இளவரசனை அதட்டுகிறாள். “திரும்பவும் சட்டையில பெயின்ற் பூசிக்கொண்டு வந்து நிக்கிறியள்” என்கிறது கணவாய் மீன். இரத்தினேஸ்வரி இத்தனை பகிடியான மனிசி என்று எனக்குத் தெரியாது. தனியே இருந்து சத்தமாகச் சிரித்தேன்.

இரத்தினேஸ்வரி இறந்த பிறகு பலூன்கள் குறைகின்றன. பக்கம் பக்கமாகக் கடல்தான். பிறகு ஒரு சிறைக் காவலன், “கதவைச் சாத்துங்கோ, ஏசி போகுது” என்கிறான். சூனியக்காரி ஒருத்தி, “நேற்றுத்தானே வந்தனீங்கள்” என்கிறாள். ஒரு தீவின் சனம் முழுவதும் கரையில் நின்று, துடுப்புக்காரனை இறங்கவிடாமல், ஒரே பலூனில், “இண்டைக்கு ஏலாது” என்கிறது.

எல்லாம் நான் சொன்னவை. கடைசி மூன்று புத்தகத்திலும் நாலைந்து பலூனைத் தவிர மிச்சமெல்லாம் என் வாய்.

முதலில் கோபம்தான் வந்தது. என்னைச் சூனியக்காரி ஆக்கிவிட்டாரே என்று. பிறகுதான் உறைத்தது. வேறு யாராவது அந்த மனிதரோடு கதைத்திருந்தால் அவர் ஏன் என்னுடையதை எழுதப்போகிறார்? அன்று பின்னேரம் கரண்ட் வந்த பிறகும் நான் மெசினைப் போடவில்லை.

அடுத்த வெள்ளி அவர் வந்தார். வாய் திறக்கும் முன் நானே சொன்னேன்:

“ஐயா, வீட்டை வாங்கோ. ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போகலாம்.”

அவர் கை பொக்கற்றுக்குப் போனது. ரிக்கற்றை எடுத்தார், பேனை மூடியைக் கழற்றினார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை.

“எத்தினை மணிக்கு வாறது தங்கச்சி?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. அவருடைய பலூனுக்கு ஒரு வசனம் கொடுக்க நினைத்தேனே தவிர, சோறு போட நினைக்கவில்லை. வீட்டில் நேற்றைய கறி. கணவர் ஜக்சன் முகத்தைச் சுளிப்பாரோ என்று ஒரு எண்ணம்.

“அது... இண்டைக்கு எண்டில்லை ஐயா. ஒரு நாளைக்கு.”

பேனையை மூடினார். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“பரவாயில்லை. மெசினைப் போடுங்கோ. அது வெறுமையாவே இருக்கட்டும்.”

அறுபது பிரதியையும் பையில் போட்டுக்கொண்டு, “வாறன் தங்கச்சி” என்று சொல்லிப் போனார். அது நடந்து ஆறு வாரமாகிறது. கதை முடிந்தது, அவருக்கு இனி என் கடையில் வேலை இல்லை. அன்றிரவே ஜக்சனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “கூட்டிக்கொண்டு வாருமன், அதுக்கென்ன” என்றார், ஒரு நொடி யோசிக்காமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிச் சமைத்து வைத்துவிட்டு அன்புவழிபுரம் போனேன். எந்த ஒழுங்கை என்று பன்னிரண்டு வருடத்தில் கேட்டதில்லை. விசாரித்து வீட்டைப் பிடித்தபோது கதவில் பூட்டு. குச்சவெளிப் பக்கம் வேலைக்குப் போயிருப்பார், எப்போது வருவார் என்று தெரியாது என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். “அவர் ஆரோடயும் கதைக்கிறேல்லை, நாங்களும் கேக்கிறேல்லை.” அடுத்த ஞாயிறும் பூட்டுத்தான். அதற்கடுத்ததும்.

நேற்று ஸைனுலாப்தீன் என்று ஒரு வாத்தியார் கடைக்கு வந்தார். ‘ஒற்றைத் துடுப்பு’ முதல் புத்தகத்திலிருந்து வாங்குகிறாராம். கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினார்.

“இதுல எழுத்து விழல்ல. மெசின்ட பிழையா?”

“இல்லை சேர். என்ர பிழை.”

“அப்ப, எழுத்து விழுந்த பிரதி ஒண்டு தாங்களன்.”

“எல்லாத்திலயும் அப்பிடித்தான் சேர்” என்றேன்.