மாடியில் ஓர் ஏரோப்ளேன்

ஒத்தக்கடையில் நான் வந்த பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே புது வீட்டின் மாடி முகப்பில் கொத்தனார் சிமென்ட் ஏரோப்ளேனுக்கு நீலம் பூசுகிறார். அதன் கீழே தேவாலய வளைவு, தாமரைத் தூண், ரேடியோப் பெட்டி, எல்லாம் சிமென்டில். எல்லாவற்றுக்கும் பின்னால் யானைமலை.

கல்லூரியில் நான் படித்தது நவீனத்துவம்: பயனில்லாத எதுவும் கட்டடத்தில் இருக்கக் கூடாது. எல்லாக் காலத்தையும் கலப்பது பின்நவீனத்துவம் என்று ஓர் இதழில் வாசித்துச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

நான் சிவில் இஞ்சினியர் என்றதும் வீட்டுக்கார டீச்சர் பிடித்துக்கொள்கிறார்.

"இந்த ஏரோப்ளேன இவராவே வச்சிட்டாரும்மா. விழுந்துரும்னு பயமா இருக்கு. இடிச்சிரச் சொல்லவா?"

"அம்புட்டுக் கம்பி கட்டிருக்கேன் டீச்சர். தங்கச்சியவே ஏறிப் பாக்கச் சொல்லுங்க," என்கிறார் கொத்தனார். பூசுவதை நிறுத்திவிட்டார்.

ஏறிப் பார்க்கிறேன். கம்பி, கட்டு, கலவை, எடை எல்லாம் சரி. பயன் மட்டும் தெரியவில்லை.

"இது எதுக்குண்ணே?"

"ரோட்டுல போறவுக நிமிந்து பாக்க வேணாமா?"

கீழே பார்க்கிறேன். பஸ்ஸில் வந்த அத்தனை பேரும், டிரைவர் உட்பட, அண்ணாந்து நிற்கிறார்கள்.

"விழாது டீச்சர்," என்கிறேன். இறங்கி வந்த பிறகு, "இருக்கட்டும்," என்றும் சொல்கிறேன்.