ஒரே ஒரு ஷூதான் வந்தது

குடோன் அக்காவுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. டீ போட்டாள், குடிக்க மறந்தாள். மெஷினில் துணியைத் திணித்துவிட்டு, பொத்தானை அழுத்தாமலே வந்துவிட்டாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போனை எடுத்து, விலை ஒப்பிடும் தளத்தில் தன் கடை எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். எட்டு மணிக்கு முதல் இடம். எட்டு ஐந்துக்கும் முதல் இடம்தான். நல்ல சேதி வந்துவிட்டது என்று கால் நீட்டி உட்காருகிற ஆள் அவள் இல்லை.

பெரிய செருப்புக் கடை ஒன்றின் கீழ்த்தள குடோனில் பதினேழு வருஷம் பெட்டி அடுக்கியவள் என்பதால் அந்தப் பெயர். மேலே ஷோரூமில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு காலைத்தான் பார்வைக்கு வைப்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் அது வெளிறிப்போகும். பெட்டிக்குள் இருக்கிற இன்னொரு கால் புத்தம் புதிதாக இருக்கும், ஆனால் ஜோடி சேராது. ஃபாக்டரியிலும் இதே கூத்துதான். ஒரு ஷூவில் தையல் விட்டிருந்தால், ஒரு குறையும் இல்லாத மற்ற ஷூவும் சேர்ந்து மூட்டைக்குப் போகும். அந்த மூட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

அந்த எரிச்சலுக்கு வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது. அவளுடைய தம்பிக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் லாரி மோதி வலது கால் போய்விட்டது. செயற்கைக் கால் மாட்டிப் பார்த்தார்கள், புண் வந்ததுதான் மிச்சம். மெக்கானிக்காக ஓடியாடித் திரிந்தவன் ஊன்றுகோலோடு ஓர் அறைக்குள் முடங்கினான், ஜன்னல் திரையைக்கூட விலக்கவிடமாட்டான். புது ஷூ வாங்கினால் இடதை மாட்டிக்கொள்வான், வலதைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் தள்ளுவான். அப்படிப் பதினொரு பெட்டி சேர்ந்துவிட்டது.

ஒருநாள் அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்: "அக்கா, இடது கால் இல்லாத ஆள் யாராச்சும் இருந்தா பாத்து வை. சேர்ந்து ஒரு ஜோடி வாங்கிக்கிறோம்."

அவன் விளையாட்டாகச் சொன்னதை இவள் பிடித்துக்கொண்டாள். வேலையை விட்டாள். ஃபாக்டரி ஃபாக்டரியாக ஏறி இறங்கி, ஒற்றை ஷூக்களை மூட்டையாக வாங்கினாள். இணையத்தில் கடை திறந்தாள். முன்னறையில் ஜன்னல் பக்கம் இடது கால் அலமாரி, கதவுப் பக்கம் வலது கால் அலமாரி. அளவு பார்த்து எடுப்பது, பார்சல் கட்டுவது எல்லாம் தம்பி. ஒரு ஷூ, பாதி விலை. கடை ஆரம்பித்த நாளிலிருந்து தம்பி தினமும் சவரம் செய்துகொண்டான். அவளுக்கு அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

ஆனால் கடைக்குப் போதவில்லை. வாரத்துக்கு இரண்டு ஆர்டர், மிஞ்சிப்போனால் மூன்று. பழைய முதலாளி போன் போட்டார். "வந்துடும்மா. உன் இடம் காலியாத்தான் இருக்கு. மாசக் கடைசி சனிக்கிழமைக்குள்ள சொல்லு, இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன்." அவள் குடோனுக்குத் திரும்பினால் தம்பி எங்கே திரும்புவான் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் திரை போட்ட அறைக்குத்தான்.

அந்தச் சமயத்தில்தான் விலை ஒப்பிடும் தளத்திலிருந்து விளம்பரக்காரர் பேசினார். குரலில் தேன் ஒழுகியது.

"மேடம், ஜனங்க ஒரு பொருளத் தேடினா, எந்தக் கடையில என்ன விலைன்னு வரிசையா காட்டுவோம். உங்க கடைய யாராவது அழுத்தி உள்ள வந்தா மட்டும், நீங்க முன்கூட்டியே கட்டின பணத்துல கொஞ்சம் கழியும். அவ்வளவுதான்."

"வாங்காம போனா?"

"வந்தாங்க இல்ல மேடம்? வந்ததுக்குத்தான் சார்ஜ்."

படிவத்தில் பெட்டி மேல் இருக்கிற பார்கோடு எண்ணைக் கேட்டார்கள், போட்டாள். விலையைக் கேட்டார்கள், போட்டாள். 'ஒரு ஷூ மட்டும்' என்று விளக்கத்திலும் எழுதினாள். ஆனால் தளம் அந்த எண்ணைப் பார்த்து, ஜோடியாக விற்கிற கடைகளோடு அவளையும் வரிசையில் நிறுத்தியது. மேலே ஜோடியாக ஒரு படம். விளக்கம் எங்கோ கீழே போய் ஒளிந்துகொண்டது. எல்லாரையும்விடப் பாதி விலை என்றால் முதல் இடம் தராமல் என்ன செய்யும்?

அந்த முதல் நாள் சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு ஆர்டர். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே பார்சல் கட்டினான். "இத்தன பேரும் இவ்வளவு நாளா எங்கக்கா ஒளிஞ்சிருந்தாங்க?" என்றான். இருபதாவது பார்சலில் கை நின்றது.

"அக்கா, எல்லாமே இடது காலா இருக்கே. ஒண்ணுகூடவா வலது வராது?"

எந்தக் கால் என்று கேட்கும் கட்டம் அவள் கடையில் உண்டு. யாரும் தொடாவிட்டால் அது 'இடது' என்றே நிற்கும். தம்பியை நினைத்து அவளே வைத்தது. அப்படியென்றால் முப்பத்தொரு பேரில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. ஜோடி என்று நினைத்து வாங்கியிருக்கிறார்கள்.

ஆளுக்கொரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தாள், வாயெல்லாம் பல்லாக இருந்தது. "இருக்கும்டா, நீ கட்டு" என்றாள். தளத்தின் மேல் பாதித் தப்பு என்றால், மீதிப் பாதி அவள் அந்த நிமிஷத்தில் செய்தது.

நான்காம் நாள் திட்டு ஆரம்பித்தது. எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒற்றை நட்சத்திரம் போட்டுக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: 'ஜாக்கிரதை! ஒரே ஒரு ஷூதான் வந்தது. இன்னொரு காலுக்கு நான் என்ன பக்கத்து வீட்டுக்காரனிடமா கடன் கேட்பது? இந்தக் கடையில் ஒரு ஷூதான் அனுப்புவார்கள்!' அதற்கு நானூறு பேர் கைதட்டியிருந்தார்கள். பார்சல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கட்டிய விளம்பரப் பணமும் சும்மா வந்து எட்டிப் பார்த்தவர்களோடு போய்விட்டது. கடை வரிசையிலிருந்து இறங்கியது. திட்டுகள் மட்டும் அப்படியே நின்றன.

"உனக்கு மொத நாளே தெரியுமா?" என்று தம்பி கேட்டான்.

"தெரியும்."

"நான் லூசு மாதிரி பாட்டுப் பாடிட்டுக் கட்டிட்டிருந்தேன்."

அவன் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். எழுந்து அறைக்குள் போனான், திரையை இழுத்துவிட்டான். மறுநாள் சவரம் செய்யவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவள் முன்னறையில் இந்த அலமாரிக்கும் அந்த அலமாரிக்குமாக நடந்தாள். உட்கார்ந்தால் சனிக்கிழமை வந்துவிடும் போலிருந்தது.

மூன்றாம் நாள் ஓர் ஆர்டர் வந்தது. கூடவே ஒரு குறிப்பு. அவள் மூடிய கதவுக்கு வெளியே நின்று உரக்கப் படித்தாள்.

'ஒற்றை ஷூ கிடைக்குமா என்று தேடியபோது, அந்தத் தளத்தில் ஒருவர் உங்களைத் திட்டி எழுதியிருந்ததைப் பார்த்தேன். ஒரு ஷூதான் அனுப்புவீர்களாமே, நிஜமா? நான் ஒன்பது வருஷமாக ஒரு ஷூவைக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.'

"எந்தக் கால்?" என்று உள்ளிருந்து கேட்டான்.

"வலது. அளவு நாப்பத்திரண்டு. கறுப்பு, கயிறு வச்சது. நம்ம அலமாரில இல்லடா."

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. இத்தனை நாள் அவன் யாரையும் தொடவிடாத பெட்டிகள் அவை. கதவு திறந்தது. மூன்று நாள் தாடியோடு, தான் ஒருநாளும் போடாத ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "நாடாவ மட்டும் மாத்திடலாம். மடிஞ்சு கெடக்கு" என்றான். அவள் தேடுவது போல் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டேப்பை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த ஏழு நாளில் பத்தொன்பது ஆர்டர். இடதும் வந்தது, வலதும் வந்தது. இடது ஒன்று, வலது ஒன்று, இரண்டும் வேறு வேறு அளவில் வேண்டும் என்று ஒரு பெண்மணி கேட்டிருந்தார். முக்கால்வாசிப் பேர் அந்தத் திட்டைப் படித்துத்தான் வந்திருந்தார்கள்.

சனிக்கிழமை காலை போன் அடித்தது. முதலாளி என்று பதறி எடுத்தாள். விளம்பரக்காரர்.

"மேடம், பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்கோங்க. ஒரு ஷூ மட்டும்னு நீங்க தெளிவா எழுதியிருக்கீங்க, நாங்கதான் தப்பான வரிசையில போட்டுட்டோம். அந்த மோசமான கருத்தையெல்லாம் இன்னைக்கே அழிச்சுடறேன்."

"ஐயோ, கை வச்சுடாதீங்க!"

"மேடம்?"

"பக்கத்து வீட்டுக்காரன்கிட்டயா கடன் கேக்கறதுன்னு ஒருத்தர் எழுதியிருக்காரே, அத எப்பவும் மேலயே வைக்கணும். அதுக்கு எவ்வளவு சார்ஜ் பண்ணுவீங்க?"

"திட்டுக்கு எங்ககிட்ட ரேட்டு இல்லையே மேடம்" என்றார் விளம்பரக்காரர். பார்சல் மேஜையிலிருந்து தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

போனை வைப்பதற்குள் முதலாளியின் போன் வந்துவிட்டது. "என்னம்மா, முடிவு பண்ணிட்டியா? எப்ப வர்ற?"

"சாயங்காலமே வர்றேன் முதலாளி" என்றாள். தம்பியின் சிரிப்பு நின்றது. அவள் அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வேலைக்கு இல்ல. கீழ குடோன்ல படிக்கட்டுக்கு அடியில மூணு மூட்ட ஒத்த ஷூ கெடக்குது, நான்தான் கட்டிப் போட்டேன். அத எடுத்துட்டுப் போக வர்றேன். வெலையச் சொல்லுங்க."