பல்லுக்கு நடுவே என் பெயர்

அடையாறு சிக்னலில் பச்சை விழுந்தும் ஆட்டோ நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். என் கணவர் கைப்பிடியைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தார். பக்கத்து ஆட்டோக்காரர் தட்டி எழுப்பி, வீடு வரை கூடவே வந்து விட்டுப் போனார்.

அதுவரை என் கணவரின் குறட்டையை நாங்கள் பாக்கியமாகவே நினைத்திருந்தோம். "படுத்தா கட்டை மாதிரி தூங்குறாரு, குடுத்து வெச்ச மனுசன்" என்று பக்கத்து வீட்டில் பொறாமைகூடப் பட்டார்கள். இடையிடையே குறட்டை சட்டென்று நிற்கும். அப்பாடா என்று நான் கண்ணயர்வது அப்போதுதான்.

உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் பார்த்த பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் சொன்னார்: "அந்த நேரத்துலதாம்மா அவருக்கு மூச்சு நிக்குது."

தூக்க மூச்சடைப்பு (தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவது) என்று பெயர். அவர் மூச்சில்லாமல் கிடந்தபோது நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

அவருக்கு இருக்கும் அடைப்பின் அளவுக்கு வாய்க்கருவி (கீழ்த்தாடையைச் சற்று முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் கவசம்) போதும், பகல் தூக்கம் தீரும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்றார் மருத்துவர். தி.நகரில் ஒரு பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து கொடுத்தார். இவர் போட்ட வேகத்தில் கழற்றினார்.

"வாய்ல செருப்ப வெச்சிக்கினு எவனாவது தூங்குவானா?"

எச்சில் ஊறியது, தாடை வலித்தது. கருவி டப்பாவிலேயே கிடந்தது. வண்டி வாசலில் நின்றது. நான் அவர் மூச்சுக்குக் காவல் இருந்தேன்.

மறுபடியும் பல் மருத்துவரிடம் இழுத்துப் போனேன். அந்த அம்மா கோபப்படவில்லை. தாடையின் இழுப்பைக் கொஞ்சம் குறைத்தார். "சாயங்காலம் கொஞ்ச நேரம் போட்டுக்கிட்டுப் பேசிப் பழகுங்க. 'ச'தான் வராது. வீட்டம்மா பேர் என்ன?"

"சரசு" என்றேன்.

"நல்லதாப் போச்சு. அதையே சொல்லுங்க."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். கல்யாணமான நாள் முதல் நான் அவருக்கு 'இந்தாமே'தான். பெயர் சொல்லி ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. "பொண்டாட்டியப் பேரு சொல்லிக் கூப்டா தெருவே சிரிக்கும் டாக்டர்" என்றார்.

அன்று மாலை கதவைச் சாத்தினார். கருவியை மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "தரது."

"யாருய்யா அவ?" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எச்சில் ஒழுக அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் கருவி மேலிருந்த கோபம் போனது. அடுத்தடுத்த நாட்களில் நான் "தரசு" ஆனேன், பிறகு "ஷரசு". ஒருநாள் பேச்சுவாக்கில் கருவியோடேயே தூங்கிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் ஒரு டப்பா மூடியே கிடக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வலிக்கிறது என்று திரும்பப் போய்ச் சொல்லுங்கள், சரிசெய்து தருவார்கள். வெந்நீரில் மட்டும் கழுவாதீர்கள், வளைந்துவிடும்.

மறுபரிசோதனைக்குப் பிறகு வண்டி ஓட்டலாம் என்றார்கள். காலையில் கருவியைக் கழற்றியதும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சிறிது நேரம் சேர்வதில்லை. தாடை இடத்துக்கு வந்த பிறகுதான் இட்லி. எங்கள் காலை இப்போது மெதுவாகத்தான் தொடங்குகிறது. விழித்தே கிடந்த என் காதும் தூங்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

நேற்று பெருங்குடி சவாரிக்குக் கிளம்பியவர் தெருமுனையில் வண்டியை நிறுத்திக் கத்தினார்: "சரசு! செல்போன வுட்டுட்டு வந்துட்டேன்!"

வாயில் கருவி இல்லை. 'ச' சுத்தமாக வந்தது. தெருவில் யாரும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்துக்கொண்டே ஓடினேன்.