ஷமீம் பேரை எழுதின நாள்

போன வாரம் ஆம்பூரில் எங்கள் பஸ் பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. உப்புப் போட்ட பச்சைத் தோல் லோடு. அந்த வாடை என்னை ஏழாம் வகுப்புக்கே இழுத்துப் போய்விட்டது.

அறிவியல் பீரியடில் இங்கிலீஷ் மட்டும்தான் பேசணும். மீறினவர் பேரைப் போர்டில் எழுதுவது லீடரான என் வேலை. அன்றைக்கு உப்பைப் பற்றிய பாடம். மிஸ் இரண்டு தரம் இங்கிலீஷில் சொல்லியும் எனக்கு ஏறவில்லை. பக்கத்தில் ஷமீம். வீட்டில் உருது பேசுகிறவள், எனக்காகத் தமிழில் கிசுகிசுத்தாள்.

"எங்கப்பா டேனரியில தோல் மேல உப்பு போடுவாரு. உள்ள இருக்கிற தண்ணிய அது வெளிய இழுத்துடும். அப்புறம் தோல் அழுகாது. இன்னா, புரிஞ்சுதா?"

பளிச்சென்று புரிந்தது. அதற்குள் மிஸ் திரும்பி இங்கிலீஷில் அதட்டினார். "யாரது தமிழ்ல பேசுறது? லீடர், பேரை எழுது!"

எனக்காகத்தான் பேசினாள் என்று சொல்ல இங்கிலீஷும் வரவில்லை, தைரியமும் வரவில்லை. எழுதினேன். ஷமீம் வெளியே போய் வெயிலில் நின்றாள்.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. அவள் சொன்னதைத்தான் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் எழுதினேன். முழு மார்க். மிஸ் அதை வகுப்பில் படித்துக் காட்ட, எல்லோரும் கை தட்டினார்கள்.

ஷமீமும் தட்டினாள். அந்தச் சத்தம்தான் இத்தனை வருஷம் கழித்தும் என்னை ஒரு இடத்தில் உட்கார விடமாட்டேன் என்கிறது.