அச்சுதனின் இரண்டு முழம் மல்லி

அச்சுதன் எங்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். வயது முப்பத்தாறு. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் அம்மாவுடன் குடியிருக்கிறார். எதையும் மூன்றாவது தசம இடம் வரை சரிபார்ப்பவர். நான் தமிழாசிரியை, ஓய்வறையில் அவருக்கு எதிர் நாற்காலி. ஆகவே இந்தக் கண்றாவி முழுவதும் என் கண்ணெதிரே நடந்தது.

அவருக்கு வேதியியல் டெபோராவை நாலு வருஷமாகப் பிடித்திருந்தது. கேட்கச் சொன்னால் வாயில் கொழுக்கட்டை. ஞாயிறன்று திண்டிவனத்தில் பெண் பார்க்க அம்மா ஏற்பாடு செய்த பிறகுதான் மனிதருக்குச் சுறுசுறுப்பு வந்தது.

சிவப்பு ரோஜா என்றால் காதல், மஞ்சள் என்றால் நட்பு என்று போனில் படித்துக் குறிப்பெடுத்தார். தாம்பரம் மார்க்கெட்டில் ரோஜா கேட்டபோது பூக்கார அக்கா, "இன்னா சார், சாமிக்கா, சாவுக்கா?" என்று விசாரித்தாராம். மூன்றாவதாக ஒன்று இருப்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு, இரண்டு முழம் மல்லி வாங்கி வந்து புதன்கிழமை டெபோராவின் மேசையில் வைத்தார்.

"எங்க சபையில பூ வைக்க மாட்டோம் சார்," என்று டெபோரா பொட்டலத்தைத் திருப்பித் தந்துவிட்டார். பெந்தெகொஸ்தே சபை. பொட்டு, கம்மல், பூ எதுவும் கிடையாது. நாலு வருஷம் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அதில் பூ இல்லாதது மட்டும் தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் மல்லியை வாங்கி நானே வைத்துக்கொண்டேன்.

வியாழன் முழுக்க அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. திண்டிவனத்துக்குச் சரி என்று ஓய்வறையே கேட்கும்படி போனில் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் டெபோரா ஒரு டிபன் டப்பாவை அவர் முன்னால் வைத்தார். வாழைப்பூ வடை, ஆறு. வாழைப்பூ ஆய்ந்தவர்களுக்குத் தெரியும். மடலுக்கு மடல் சின்னச் சின்னப் பூ, ஒவ்வொன்றிலும் நரம்பைக் கிள்ளி எடுக்க வேண்டும். ஒரு சாயங்காலமே போய்விடும். டெபோராவின் விரல்கள் கறுத்திருந்தன.

"எங்க வீட்ல பூ இப்படித்தான் சார் வரும்," என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமை திண்டிவனம் போகாதீங்க. சபை முடிஞ்சு ஒரு மணிக்கு அப்பா வீட்ல இருப்பார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒரு வடைகூடத் தரவில்லை என்பது வேறு விஷயம்.

அச்சுதன் ஆறையும் தின்று முடித்து, கை கழுவி, அம்மாவுக்குப் போன் போட்டார். திண்டிவனம் வேண்டாம் என்றார். அம்மா காரணம் கேட்டிருக்க வேண்டும்.

"வடை சாப்பிட்டுட்டேம்மா," என்றார்.