வேலிக் கத்தாழைக்குள் புழு

இன்று காலை மாடித் தொட்டியில் சாய்ந்திருந்த கத்தாழையின் குருத்தைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. அந்த அழுகல் நாற்றம் என்னைப் பத்து வயதுக்கு இழுத்துப்போனது.

மல்லசமுத்திரத்தில் எங்கள் கடலைக்காட்டுக்கு ஆனைக்கத்தாழைதான் வேலி. ஓர் ஆவணியில் அது வரிசையாகச் சாய ஆரம்பித்தது. அம்மா மடல்களை விலக்கிக் கறுப்பு வண்டுகளைப் பொறுக்கி மண்ணெண்ணெயில் போட்டாள். அப்பா வேப்பெண்ணெய் கரைத்து ஊற்றினார். சாய்ந்த ஒன்றை வெட்டிப் பார்த்தார். நடுத்தண்டு முழுக்க வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

"ஏனுங்க, உள்ளயே பூந்துருச்சுங்களே. இனி மேல ஊத்தி என்னங்க ஆகும்?" என்றாள் அம்மா.

"அதுக்குன்னு சும்மா நின்னு பாக்கச் சொல்றியா?" என்று அப்பா அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

அந்த வாரமே விழுந்த வேலி வழியாக ஆடுகள் புகுந்து பூத்திருந்த கடலைக்கொடியை மேய்ந்துவிட்டன.

இப்போது என் மாடியில் இன்னொரு கத்தாழை பச்சையாகத்தான் நிற்கிறது. வெட்டிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். வெட்டினால் செடி இருக்காது.